முள் பார்த்தவள்

செத்தவருக்குப் போட்ட சட்டையின் மூன்றாவது பொத்தானை அவள் இடது கையால் மாட்டப் போராடிக்கொண்டிருந்தபோது கீழே பட்டறையின் ஷட்டர் இறங்கியது. சாவு வீட்டில், பட்டப்பகலில், ஆட்கள் வந்துபோகும் நேரத்தில் யாரும் ஷட்டரை இறக்க மாட்டார்கள். இறங்கிய வேகமும் சரியில்லை. தரையில் மோதி, ஒரு சாண் எகிறி, மறுபடி மோதி நின்றது.

"தள்ளுங்க அண்ணி, நான் போடறேன். நீங்க போடறதுக்குள்ள வண்டியே வந்துரும்" என்றாள் நாத்தனார்.

படுத்திருந்தவர் நாத்தனாருக்கு அண்ணன், அவளுக்குக் கணவர். பழைய டர்போ கார் வைத்திருப்பவர்கள் எங்கெங்கிருந்தோ தேடி வரும் மெக்கானிக். நேற்றுக் காலை ஒரு பல் டாக்டருடைய பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிப் பார்க்கத் தனியாகப் போனவர், கிடங்குச் சாலை வளைவில் திரும்பாமல் நேராகச் சுவருக்குள் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் முகத்தைத் துடைத்து ஓரளவு ஒழுங்கு செய்து கொடுத்திருந்தார்கள். நெஞ்சில் ஸ்டியரிங் பதித்த அரைவட்டத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதை மறைக்கத்தான் இந்தச் சட்டை.

நாத்தனாருக்கு வாய் ஓயாது. துக்கத்திலும் ஓயவில்லை. "இந்தப் புழுக்கத்துல ஸ்வெட்டர் வேற போட்டுக்கிட்டு. கழட்டுங்க அண்ணி, பாக்கறவங்களுக்கே வேர்க்குது."

"இருக்கட்டும்."

"வலது கை என்னாச்சு? நேத்துலேர்ந்து பாக்கறேன், எல்லாத்தையும் ஒரு கையாலயே செய்யறீங்க."

"பாத்ரூம்ல வழுக்கிருச்சு."

நாத்தனார் பொத்தானிலிருந்து கண்ணை எடுத்து அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். நாத்தனாருடைய அம்மாவும் காலமெல்லாம் பாத்ரூமில் வழுக்கி விழுந்தவள்தான். அந்தக் குடும்பத்துப் பாத்ரூம்கள் அப்படி. நாத்தனார் அடுத்த பொத்தானுக்குப் போனாள்.

கீழே கனமான ஏதோ ஒன்று இரும்பு மேஜையில் மோதியது. ஓர் ஆண் குரல் "ஐயோ" என்று தொடங்கியது. முடிவதற்குள் யாரோ வாயைப் பொத்திவிட்டார்கள்.

"பல் டாக்டர் எங்கே?" என்று கேட்டாள் அவள்.

"இப்பதானே பூ வச்சிட்டு, பாவம், குழந்தை மாதிரி அழுதுகிட்டு உக்காந்திருந்தாரு. உங்க பையன் வந்து, 'வாங்க டாக்டர், கீழ வண்டியை ஒரு தடவை பாத்துட்டு வந்துருவோம்'னு கூட்டிட்டுப் போனான். இந்தக் கஷ்டத்துலயும் என்ன மரியாதை, பாருங்க."

அந்த மரியாதை அவளுக்குத் தெரியும். கணவரும் கதவைச் சாத்துகிற வரைக்கும் மரியாதையாகத்தான் பேசுவார். நேற்று ஆஸ்பத்திரி வாசலில் மகன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அப்பாவின் உடம்புக்கு முன்னால் நொறுங்கிய காரைத்தான் கேட்டான். போலீஸ் பார்த்து முடித்ததும் அதைப் பட்டறைக்கு இழுத்து வந்து, விடிய விடிய அதன் வயிற்றைக் கிழித்துக்கொண்டிருந்தான். காலையில் மேலே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன, முகம் மட்டும் தெளிவாக இருந்தது. கோளாறைக் கண்டுபிடித்துவிட்ட மெக்கானிக்கின் முகம். அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

அவள் எழுந்து சமையலறை வழியாகப் பின்படிக்குப் போனாள். போட்ட சட்டை பாதியில் நின்றது.

பின்படியின் அடியில் ஒரு தகரக் கதவு. அதைத் திறந்தால் பட்டறை. இத்தனை வருஷமாகச் சாப்பாடும் டீயும் எடுத்துக்கொண்டு அவள் இறங்கிய படி அது. இப்போது கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினாள். "யாரு?" என்றது கிரீஸின் குரல். பட்டறையில் மூத்த வேலைக்காரர். உடம்பில் கிரீஸ் இல்லாமல் அவரை அவருடைய மனைவியே அடையாளம் கண்டதில்லை என்பது பட்டறையின் பழைய கிண்டல்.

"நான்தான். திற."

"அண்ணி, நீங்க மேலயே இருங்க அண்ணி. சின்னவரு யாரையும் விட வேணாம்னு..."

"கிரீஸு, நான் போட்ட சோத்தைத் தின்ன கைதானே அது? திற."

தாழ் விலகியது. கிரீஸ் தலையைக் குனிந்துகொண்டார். "நான் சொல்லிப் பாத்துட்டேன் அண்ணி. கேக்க மாட்டேங்கறாரு. முதலாளி செத்ததுல அவருக்கு மரை கழண்டுபோச்சு."

பட்டறைக்குள் ஒரே ஒரு குழல் விளக்கு எரிந்தது. அதன் கீழே அந்தக் கார், முன்பக்கம் கண்ணாடிவரை உள்ளே நசுங்கி, சிவப்பு பெயின்ட் சுருண்டு, கறுப்பு எண்ணெயைத் தரையில் ஒழுகவிட்டுக்கொண்டு கிடந்தது. பானெட்டை அறுத்து எடுத்திருந்தார்கள். எஞ்சினுக்குக் காற்றை அமுக்கித் தரும் டர்போவை மகன் கழற்றி ஒரு துணியில் தனியாக வைத்திருந்தான், அறுவைக்குப் பிறகு எடுத்து வைத்த உறுப்பைப் போல.

வேலை மேஜையருகில் பல் டாக்டர் மண்டியிட்டிருந்தார். அவருடைய வலது கை மேஜையில் பொருத்திய வைஸின் இரண்டு இரும்புத் தாடைகளுக்கு நடுவில் இருந்தது. மகன் வைஸின் கைப்பிடியைப் பிடித்திருந்தான். டாக்டரின் மேலுதடு கிழிந்து, முன்பல் ஒன்று பாதியாகியிருந்தது. எத்தனையோ பேருக்குப் பல் கட்டியவர், தன் பல் துண்டு சட்டையில் ஒட்டியிருப்பதுகூடத் தெரியாமல் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பல்லு புடுங்குற கைதானே?" என்றான் மகன். குரல் சாந்தமாக இருந்தது. "இனிமே எதையும் புடுங்க வேணாம்." கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினான். டாக்டரிடமிருந்து வந்த சத்தம் மனிதச் சத்தமாக இல்லை.

"டேய்!" என்றாள் அவள்.

மகன் திரும்பினான். அவளைப் பார்த்ததும் எரிச்சல்பட்டான், அவ்வளவுதான். "மேல போம்மா. இது நீ பாக்கற விஷயம் இல்ல."

"அவரு கையை விடு."

"இந்த ஆளு என்ன செஞ்சிருக்கான்னு தெரிஞ்சா நீயே வந்து சுத்துவ." இடது கையால் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து உயர்த்திக் காட்டினான். விரல் நீளத்துக்கு ஒரு போல்ட். "டர்போ குழாய்க்குள்ள இருந்துச்சு. பிரஷர் ஏறினா, மிஞ்சின புகையை வெளிய விடற சின்னக் கதவைத் தொறக்கச் சொல்லிச் சேதி கொண்டுபோற குழாய். அதை அடைச்சா எஞ்சினுக்கு அளவே கிடையாது, வெறி புடிச்சு இழுக்கும். எவனோ அரைகுறைகிட்ட கொண்டுபோய், வேகமா போகணும்னு இதைச் சொருகி வச்சிட்டு, எங்கப்பாகிட்ட வந்து 'இழுக்க மாட்டேங்குது, பாருங்க'ன்னு நல்லவன் மாதிரி குடுத்திருக்கான். பிரேக் போட்ட தடம்கூட ரோட்டுல இல்ல. போடறதுக்கு எங்கப்பாவுக்கு நேரம் குடுத்தாதானே!"

அவள் போல்ட்டைப் பார்த்தாள். அவ்வளவு தூரத்திலிருந்து, அந்த மங்கிய வெளிச்சத்தில், ஒரே பார்வையில் அது எது என்று தெரிந்துவிட்டது.

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா" என்று டாக்டர் அவளிடம் அழுதார். "நான் வேற எங்கயும் குடுக்கல."

மகன் அவரைப் பார்த்தபடியே கைப்பிடியை இன்னும் திருப்பினான். எலும்பு முறிகிற சத்தம் சின்னதாகத்தான் இருந்தது. கிரீஸ் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான்தான்!" என்று அலறினார் டாக்டர். "நான்தான் போடச் சொன்னேன்! விட்டுரு, நான்தான், நான்தான்!"

"கேட்டியா?" மகன் அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். அப்பாவின் சிரிப்பு அப்படியே அந்த முகத்தில் வந்து உட்கார்ந்தது. மேஜையிலிருந்து சக்கரம் கழற்றும் இரும்பு ஸ்பேனரை எடுத்தான். "இவ்வளவுதான் எனக்கு வேணும். இப்ப மண்டைய..."

அடித்துக் கேட்டால் ஆமாம் என்று சொல்லாதவர் யார்? அவளே எத்தனை முறை சொல்லியிருக்கிறாள், செய்யாததையெல்லாம் செய்தேன் என்று.

அந்த போல்ட் அவளுடைய கணவருடையது. அதை அவர் அறுத்ததும் அரத்தால் தேய்த்ததும் அவள் கண்முன்னால்தான். டர்போ கார் இழுக்கவில்லை என்று வந்தால் முதலில் மகனும் கிரீஸும் எல்லா இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் காற்று கசிகிறதா என்று பார்ப்பார்கள், பிளக்கை மாற்றுவார்கள். அதிலும் பிடிபடாவிட்டால் கணவர் அவளைக் கூப்பிடுவார். பட்டறைக்கு வெளியே, யாரும் இல்லாத இடத்தில் காரை நிறுத்தி, அந்தச் சின்ன ரப்பர் குழாயைக் கழற்றி போல்ட்டைச் சொருகுவார். கதவுக்குச் சேதி போகாது, அதனால் கதவு திறக்காது. அப்போதும் பிரஷர் ஏறாவிட்டால் டர்போ செத்தது என்று அர்த்தம். ஏறினால் டர்போ நல்லது, கோளாறு கதவில். நூறு சாமான்களைக் கழற்றிப் பார்க்கிற வேலை ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும்.

ஆனால் ஏறத் தொடங்கிய பிரஷர் தானாக நிற்காது. அதற்குத்தான் அவள். எஞ்சினிலிருந்து நீளமான ஒரு குழாயை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து, அதன் முனையில் இருக்கும், பிரஷரை முள்ளால் காட்டுகிற கேஜை அவள் கையில் கொடுப்பார். கேஜின் கண்ணாடியில் அவளுடைய நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தார். அவர் ரோட்டைப் பார்ப்பார், அவள் முள்ளைப் பார்ப்பாள். முள் கோட்டைத் தொட்டதும் "போதும்" என்பாள், அவர் காலை எடுத்துவிடுவார். அந்த வீட்டில் அவள் "போதும்" என்று சொல்லி அவர் நிறுத்திய ஒரே விஷயம் அதுதான். கேவலமாக இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்: அந்த ஓட்டங்கள் அவளுக்குப் பிடித்திருந்தன.

"இது ரெண்டு பேர் வேலை. வெளிய வாயைத் தொறக்காதே" என்பார். "பையன்கிட்ட சொன்னோம்னா நாளைக்கே தனியா ஓட்டிப் பாப்பான். முள்ளைப் பாத்தா ரோடு தெரியாது. சுவத்துல போய் முட்டுவான்." மகன்மேல் அந்த அளவுக்கு அவருக்குப் பாசம் இருந்தது. தன்மேல் வைத்திருந்த நம்பிக்கைதான் அளவுக்கு மேலே போய்விட்டது.

"நில்லு" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "அந்த போல்ட்டை டாக்டர் போடல. உங்கப்பா போட்டது."

ஸ்பேனர் உயர்ந்த நிலையில் நின்றது. "என்ன உளர்றே?"

"உங்கப்பா போட்டது. சோதிச்சுப் பாக்க. பாத்ததும் எடுத்துருவாரு."

"அம்மா, இவன் சாகக் கூடாதுன்னு கதை கட்டாதே. எங்கப்பா கையில இப்படி ஒரு தப்பு நடக்குமா? அப்படி ஒரு வழி இருந்தா எனக்குச் சொல்லித் தர மாட்டாரா?"

"அதோட மரையைத் தடவிப் பாரு. ரப்பர் கிழியாம இருக்கறதுக்காக வழவழன்னு தேச்சிருக்கும். தலையில ஸ்க்ரூ டிரைவருக்குக் கோணலா ஒரு வெட்டு இருக்கும். அறுக்கும்போது ரம்பம் வழுக்கி நடுவுல போகாம ஓரமா போயிருச்சு. நான் இங்க நிக்கறேன், கிட்டகூட வரல. நீ கையில வச்சிருக்கே. பாத்துச் சொல்லு, இருக்கா இல்லையா?"

மகன் போல்ட்டை விளக்குக்கு நேராகப் பிடித்தான். கட்டைவிரலால் தடவினான். ராத்திரி முழுக்க அதைக் கையில் வைத்திருந்தும் அந்த வெட்டைப் பற்றி அவன் யோசித்திருக்க மாட்டான். எதிராளி யார் என்று முடிவு செய்தபின் எந்த மெக்கானிக்கும் சாமானைப் பார்ப்பதில்லை.

"வண்டிக்குள்ள ஒரு கேஜ் கெடந்திருக்கணுமே" என்றாள் அவள். "எங்க இருந்துச்சு?"

கிரீஸ்தான் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "முதலாளி மடியில அண்ணி. பெல்ட்டுக்குள்ள சொருகியிருந்துச்சு. அறுத்துத்தான் எடுத்தோம்."

"மடியில இருக்கற முள்ளைப் பாத்துக்கிட்டுத்தான் வளைவுக்கு வந்திருக்காரு. அப்புறம் பிரேக் தடம் எப்படி இருக்கும்? சுவரே அவரு கண்ணுல பட்டிருக்காது."

டாக்டர் மூச்சை இழுத்து இழுத்து விட்டார். மகனின் நெற்றி நரம்பு புடைத்து அடங்கிப் புடைத்தது. அப்பா செத்தது ஒரு சாவு. அப்பா தன் தப்பாலேயே செத்தார் என்பது இன்னொரு சாவு. அதை அவன் விழுங்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். நினைத்தபடியே அவன் வேறு பக்கம் பாய்ந்தான்.

"ரெண்டு பேர் வேலைன்னா? யாரு அந்த ரெண்டாவது ஆளு?"

"நான்."

"நீயா?"

"ஒவ்வொரு தடவையும் நான்தான் முள்ளைப் பாப்பேன்."

"அப்ப நேத்து எங்க போனே?" ஸ்பேனர் இப்போது அவளை நோக்கித் திரும்பியது. அவன் அறிந்து செய்தானா என்று தெரியாது. "தனியா போனா செத்துருவாருன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஏன் போகல? சொல்லும்மா, ஏன் போகல?"

இந்தக் கேள்வி வரும் என்று போல்ட்டைப் பார்த்த கணத்திலேயே அவளுக்குத் தெரியும். ஒரு பொய் தயாராகத்தான் இருந்தது. தலைவலி என்று சொல்லலாம், அடுப்பில் பால் என்று சொல்லலாம். ஆனால் பொய் சொன்னால் அவன் அம்மாமேல் இருக்கிற கோபத்தையும் சேர்த்து டாக்டரின் மண்டையில் இறக்குவான். இன்றைக்கு இந்த வீட்டிலிருந்து இரண்டு உடம்பு போகும், மூன்றாவதாக இவனை விலங்கு போட்டுக் கூட்டிக்கொண்டு போவார்கள். போகட்டும் என்று விட்டுவிட, செத்தவரின் மானம் அவ்வளவு விலை பெறுமா?

அவள் ஸ்வெட்டரின் வலது கையைப் பல்லால் கடித்து மேலே இழுத்தாள்.

மணிக்கட்டு முழங்கை அளவுக்கு வீங்கியிருந்தது. கறுத்த நீலம், ஓரங்களில் மஞ்சள். நான்கு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் மறுபக்கம் என்று பிடித்த பிடி அப்படியே பதிந்திருந்தது. பல் டாக்டர்கூட ஒரு கணம் தன் கையை மறந்து அதைப் பார்த்தார்.

"முந்தாநாள் ஓட்டத்துல முள்ளு கோட்டைத் தொடறதுக்கு முன்னாலயே 'போதும்'னு சொல்லிட்டேன். டயர் தேஞ்சு கெடந்துச்சு, வளைவு வேற வந்துச்சு, பயந்துட்டேன். ஓட்டம் வீணாப் போச்சுன்னு கையைப் புடிச்சு முறுக்கினாரு. நேத்துக் காலையில 'வா, போகலாம்'னாரு. கேஜைப் புடிக்கக் கை வரல. 'நான் வரல'ன்னு சொன்னேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து அவருகிட்ட அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை."

அதற்குப் பிறகு நடந்ததை அவள் சொல்லவில்லை. கார் உறுமிக்கொண்டு தெருமுனையைத் தாண்டியதும் அவளுக்கு உடம்பே லேசாகிப்போனது. ஒரு டீ போட்டு, உட்கார்ந்து, ஆறுவதற்குள் குடித்தாள். அந்த டீ அவ்வளவு ருசியாக இருந்தது. சேதி வந்தபோது டம்ளர் கழுவாமல் மேஜையில் இருந்தது.

"பொய்" என்றான் மகன். "அவரு நிறுத்திட்டாரு. எப்பவோ நிறுத்திட்டாரு. நான் அன்னிக்கு அவரு கையைப் புடிச்சேன் இல்ல?"

பிடித்தான்தான். மீசை அரும்பிய வயதில், அவளுடைய முடியைப் பிடித்திருந்த அப்பாவின் கையைப் பிடித்து, "இன்னொரு தடவை தொட்டா நடக்கறதே வேற" என்றான். தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்பார்கள். கணவர் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். அதன்பிறகு மகன் பார்க்க அவள்மேல் கை விழவில்லை. மகன் பார்க்காதபோது, துணி மறைக்கும் இடமாகப் பார்த்து விழுந்தது. தன் அம்மாவைத் தான் காப்பாற்றிவிட்டதாக அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான். அந்த நிமிர்வை உடைக்க அவளுக்கு மனம் வரவில்லை. உடைக்காமல் வைத்தது எதில் வந்து முடிந்திருக்கிறது என்று இப்போது வைஸைப் பார்த்தாள்.

"நிறுத்தலடா" என்றாள். "நீ பாக்காத இடத்துக்குக் கொண்டுபோனாரு. அவ்வளவுதான்."

மகன் அவளை நோக்கி ஓர் அடி வைத்தான். பிறகு திரும்பி, வாயிலிருந்து வார்த்தை இல்லாத ஒரு சத்தத்தோடு காரின்மேல் பாய்ந்தான். முதல் அடியில் மிச்சமிருந்த கண்ணாடி பொடிப்பொடியாகக் கொட்டியது. இரண்டாவது அடி கதவில் விழுந்தது. பிறகு எங்கே விழுகிறது என்ற கணக்கே இல்லை. துணியில் வைத்திருந்த டர்போவை இழுத்துத் தரையில் போட்டு, அதன் நத்தை ஓடு மாதிரியான வார்ப்பு பிளக்கும்வரை அடித்தான். துண்டு ஒன்று பறந்து அவன் கன்னத்தைக் கிழித்தது, அவன் கவனிக்கவில்லை. "ஏண்டா... ஏண்டா... ஏண்டா..." என்று ஒவ்வோர் அடிக்கும் கேட்டான். யாரைக் கேட்டான் என்று கிரீஸுக்குக்கூடப் புரிந்திருக்கும். மேலே துக்கத்துக்கு வந்தவர்களின் பேச்சு நின்றுபோனது.

அவள் அதற்குள் வைஸிடம் போயிருந்தாள். கைப்பிடி இறுகிக் கிடந்தது. இடது கைக்கு அசையவில்லை. உடம்பின் கனத்தை எல்லாம் அதன்மேல் போட்டாள். கிரீஸ் ஓடிவந்து கூடப் பிடித்தார். இரும்பு தளர்ந்ததும் டாக்டர் சாய்ந்து அவள் காலடியில் விழுந்தார். நடுவிரலும் மோதிர விரலும் இருக்க வேண்டிய திசையில் இல்லை.

"ஒரு பலகைத் துண்டு வச்சுக் கட்டு" என்றாள் கிரீஸிடம். "தூக்கு. உன் வண்டியிலயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

டாக்டரால் உடனே நிற்க முடியவில்லை. கிரீஸின் தோளைப் பிடித்து எழுந்து, ஒரு கால் செருப்பைத் தேடினார். அவள் மேஜைக்கடியில் இருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை மாட்டிக்கொண்டே அவளைப் பார்க்காமல் கேட்டார், "ஆஸ்பத்திரியில... என்ன ஆச்சுன்னு கேப்பாங்கம்மா. நான் என்ன சொல்லட்டும்?"

கேள்வியில் பயம்தான் இருந்தது. அவள் கண்ணைக் காட்டினால் போதும், அந்த மனிதர் எதை வேண்டுமானாலும் சொல்லத் தயாராக இருந்தார். அடி நின்றிருந்தது. காருக்குப் பக்கத்தில் மகன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்று அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். பெற்ற வயிறு. ஒரு கணம் அவள் மகனைப் பார்த்தாள்.

"நடந்ததைச் சொல்லுங்க" என்றாள். "போலீஸ்ல குடுக்கறதுன்னா குடுங்க. நான் தடுக்க மாட்டேன். கேட்டாங்கன்னா நானும் வந்து சொல்றேன். பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு மட்டும் சொல்லாதீங்க."

கிரீஸ் ஷட்டரைத் தூக்கினார். பட்டறைக்குள் வெயில் ஒரேயடியாக வந்து விழுந்தது. வாசலில் கூடியிருந்தவர்கள் டாக்டரின் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு பக்கமும் விலகினார்கள். "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று சிலர் கேட்டார்கள். கிரீஸ் யாருக்கும் பதில் சொல்லாமல், அவரை வண்டியில் ஏற்றி, சரிந்துவிடாமல் ஒரு துண்டால் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போனார்.

அவள் ஸ்வெட்டர் கையை இறக்கவில்லை. இனி இறக்கி என்ன ஆகப்போகிறது? மேலே பாதி போட்ட சட்டையோடு ஒருவர் காத்திருக்கிறார், அந்த வேலை பாக்கி இருக்கிறது. பின்படிப் பக்கம் திரும்பினாள்.

"அம்மா" என்றான் மகன்.

ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு, கண்ணாடித் தூளை மிதித்துக்கொண்டு வேகமாக அவளிடம் வந்தான். கன்னத்து ரத்தம் தாடைவரை இறங்கியிருந்தது. முகம் அழப்போகிற முகம்; சின்ன வயதில் காய்ச்சல் வரும்போது அப்படி இருக்கும். பக்கத்தில் வந்ததும் அவளை நோக்கிக் கையை நீட்டினான். அவளைப் பிடித்துக்கொள்ளவோ, அடிபட்ட கையை ஒருமுறை தொட்டுப் பார்க்கவோ, எதற்கோ.

அவள் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. முழங்கை தானாக மேலே போய் முகத்தை மறைத்தது. கண்கள் இறுக மூடிக்கொண்டன, கழுத்து தோள்களுக்குள் இறங்கியது.

ஒன்றும் விழவில்லை. அவள் மெதுவாகக் கண்ணைத் திறந்தாள். மகனின் கை நீட்டிய இடத்திலேயே, காற்றில் நின்றிருந்தது. அவன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"அண்ணி!" என்று நாத்தனார் மேலேயிருந்து கூப்பிட்டாள். "வண்டி வந்துருச்சு. ரெண்டு பேரும் வாங்க."

மகன் ஓர் அடி பின்னால் போனான். இன்னோர் அடி போனான். அவளைச் சுற்றிக்கொண்டு, எங்கும் உரசாமல், படியருகே வந்து முதலில் ஏறினான். ஏறும்போது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தான், பின்னால் வருகிற அவளுக்குத் தெரியும்படி.